"உம்மை" எப்படி "ஊமை" ஆனது: ஏற்காட்டில் ஒரு சங்கீதத்துக்கு நான்கு பாக இசை அமைத்த நிகழ்வு ஆய்வு

முதல் பிரதியின் இரண்டாவது வரியில் நான்கு பாகங்களும் ஒரே கார்வையில் (நீட்டிப் பிடிக்கும் ஒலியில்) வந்து நிற்கும் இடம் ஒன்று இருந்தது. எழுதியிருந்தது "உம்மை நோக்கி". கிறிஸ்தவக் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்கள் காதில் விழுந்தது "ஊமை நோக்கி". முதல் எழுத்தான 'உ' மூன்று அடிக்கு (தாளத் துடிப்புக்கு) இழுபட்டது, அடுத்து வந்த ம் மெலிந்து போனது. சுருதி விலகவில்லை, ஹார்மனி பிசகவில்லை, பாடியவர்களும் எழுதியதைத்தான் பாடினார்கள். ஆண்டவரை நோக்கிச் சொன்ன சொல் மட்டும் வாய் பேசாதவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஒத்திகையில் அதைக் கவனித்துச் சொன்னவர் தாழ்ந்த பெண்குரலான ஆல்டோ பாடும் ஓர் அக்கா. அவர் சொன்ன பிறகு மற்றவர்களால் அந்த இடத்தை வேறு மாதிரிக் கேட்கவே முடியவில்லை.

தமிழ் வேதாகம வரிகளுக்கு மேற்கத்திய மோடல் இசையும் (மோடு எனப்படும் பழைய சுரவரிசைகளில் அமைந்த இசை) அடர்த்தியான ஹார்மனியும் அமைக்க நினைக்கிற யாருக்கும் இந்தச் சிக்கல் வரும். அதனால் இந்த நிகழ்வை முதலிலிருந்து விவரமாகவே எழுதுகிறோம்.

கையில் இருந்தவை

எடுத்துக்கொண்ட வரிகள் வேதாகமத்தின் சங்கீதம் 130-இன் 1, 2, 5, 6 ஆகிய வசனங்கள். ஈஸ்டர் விடியற்கால ஆராதனையின் தொடக்கத்தில், விளக்கு ஏற்றுவதற்கு முன் இருட்டில் பாட வேண்டும். "எப்பொழுது விடியும்" என்று காத்திருக்கும் ஜாமக்காரரைப் பற்றிய வசனம் அதில் இருப்பதால் இந்தத் தேர்வு.

பாடகர் குழுவில் 22 பேர்: சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) 9, ஆல்டோ 6, டெனர் (உயர்ந்த ஆண்குரல்) 3, பேஸ் (தாழ்ந்த ஆண்குரல்) 4. பாதிப் பேர் ஏற்காட்டிலேயே இருப்பவர்கள், மீதிப் பேர் சேலத்திலிருந்து மேலே வருகிறவர்கள். திருச்சபையின் பாமாலைப் பாடல்களை நான்கு பாகத்தில் பாடிப் பழகியவர்கள். ஏழெட்டுப் பேர் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக் குறியீடு) படிப்பார்கள். பெரியவர்கள் சிலருக்கு டானிக் சோல்ஃபா (சுரங்களை தோ, ரே, மி என்று பெயரிட்டு எழுதும் முறை) தெரியும். மூன்று பெண்கள் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள். கோயில் கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்டது. ஆளில்லாத நேரத்தில் கை தட்டினால் ஒன்றரை நொடி போல ஓசை நிற்கும். ஆட்கள் நிறைந்து, கம்பளியும் சால்வையுமாக உட்கார்ந்துவிட்டால் அதில் பாதிகூட நிற்காது. ஒத்திகையை வெறும் கோயிலில் வைத்துக்கொண்டு அந்த எதிரொலியை நம்பி எழுதினால் ஆராதனை நாளில் ஏமாந்து போவோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்த் திருச்சபை இசையில் இரண்டு ஓடைகள் இணையாக ஓடுகின்றன. ஒன்று கீர்த்தனை: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வளர்த்தது, ராகத்தில் அமைந்தது, எல்லோரும் ஒரே குரலில் பாடுவது. மற்றது மொழிபெயர்த்த ஞானப்பாட்டு: மேற்கத்திய மெட்டு, நான்கு பாகம். இவை இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஈரோட்டில் பணியாற்றிய மிஷனெரி எச். ஏ. பாப்லி இந்திய இசை பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்டது 1921-இல். ஏற்காட்டில் செய்து பார்த்ததும் இந்த இரண்டு ஓடைகளுக்கு நடுவில் நிற்கும் முயற்சிதான்.

முதல் பிரதி

முதல் பிரதி ஏ சுருதியில், டோரியன் மோடில் எழுதப்பட்டது. டோரியனின் சுரங்கள் நம் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்களே: ஸ ரி2 க2 ம1 ப த2 நி2 (எண் அந்தச் சுரத்தின் உயரத்தைக் குறிக்கும்). பாடலின் வேகம் நிமிடத்துக்கு 54 அடி. ஏழாம் சுரமும் ஒன்பதாம் சுரமும் சேர்த்த கூட்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), நீண்ட கார்வைகள், நடுவே வாய் மூடிய ஹம்மிங். கீபோர்டில் வாசித்தபோது மிக அழகாக இருந்தது. கீபோர்டுக்குச் சொல் கிடையாது. இந்த வகை இசையில் இசையமைப்பாளரை ஏமாற்றுவது அதுதான்.

குழு பாடியபோது நான்கு இடங்களில் விழுந்தது. "உம்மை" பற்றி மேலே சொன்னோம். "விடியும்" என்ற சொல்லில் சோப்ரானோக்கள் 'வி'யை நான்கு அடிக்கு, ட்ரெபிள் கிளெஃபின் (உயர்ந்த குரல்களுக்கான ஐந்து கோட்டின்) மேல் கோட்டு எஃப் ஷார்ப்பில் பிடிக்க வேண்டியிருந்தது. கேட்டது "வீடியும்". அதோடு குரல் இறுகி, சுருதி இறங்கி, அந்த உச்சம் உச்சமாகவே இல்லை. மூன்றாவதாக, ஆறாம் வசனம் முடியும் "காத்திருக்கிறது" என்ற சொல்லின் 'து'வில் கடைசிக் கூட்டை எட்டு அடி நிறுத்தியிருந்தது. அந்த 'து' குற்றியலுகரம். பேச்சில் அரை மாத்திரை பெறும் எழுத்தை எட்டு அடி இழுத்தால் "தூ" என்று முடிகிறது. தேவாலயத்தில் ஒரு ஜெபம் இப்படி முடியக் கூடாது. நான்காவது, பாடல் முழுதும் வாத்தியத் துணையின்றிப் பாடியபோது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே சுருதி ஏறத்தாழ அரைச் சுரம் இறங்கியிருந்தது.

முதல் மூன்றுக்கும் காரணம் ஒன்றே. அடர்த்தியான ஹார்மனிக்கு நேரம் வேண்டும். ஐந்தாறு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு, காதில் தெளிந்து நிற்க இரண்டு மூன்று நொடி கேட்கிறது. இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ அழுத்தம் விழும் அசையை இழுத்தால் சொல் உடையாது. தமிழில் உயிரின் நீளமே பொருள். படு என்பது வேறு, பாடு என்பது வேறு. கல் வேறு, கால் வேறு. ஆகவே ஹார்மனிக்குத் தேவையான நேரத்தை நாம் விரும்பிய இடத்தில் எடுக்க முடியாது; மொழி எங்கே கொடுக்கிறதோ அங்கேதான் எடுக்க வேண்டும்.

நீளம் எங்கே கிடைக்கிறது

திருத்தும் வேலை ஸ்வரத்தில் தொடங்கவில்லை. வசனத்தை ஒரு தாளில் அசை அசையாகப் பிரித்து எழுதி, நெடிலுக்கு ஒரு நிறம், மெல்லின இடையின ஒற்றுக்கு இன்னொரு நிறம், வல்லின ஒற்றுக்கு மூன்றாவது நிறம் என்று அடிக்கோடு இட்டதில் தொடங்கியது. முதல் வசனம் இப்படி வந்தது:

கர்த் – தா – வே | ஆ – ழங் – க – ளி – லி – ருந் – து | உம் – மை | நோக் – கிக் | கூப் – பி – டு – கி – றேன்

தா, வே, ஆ, நோ, கூ, றே: இந்த ஆறும் நெடில். இவற்றில் எவ்வளவு நின்றாலும் சொல் கெடாது. "மை" நெடில் போலத் தெரிந்தாலும் சொல்லின் கடைசியில் வரும் ஐகாரக் குறுக்கம்; அதை இழுக்கக் கூடாது. "ஆழங்களிலிருந்து" என்ற ஒரே சொல்லில் 'ஆ'வுக்குப் பிறகு ஆறு அசை, அத்தனையும் குறில். முதல் பிரதியில் இவற்றுக்குத் தனித்தனியே அடி ஒதுக்கி, ஒவ்வோர் அசைக்கும் ஒரு கூட்டு மாற்றப்பட்டிருந்தது. ஆறு கூட்டுகளில் ஒன்றுகூடக் காதில் தங்கவில்லை. திருத்திய பிரதியில் 'ஆ'வில் நான்கு அடி நின்று கூட்டு முழுதாக மலர்கிறது. அதன்பின் "ழங்களிலிருந்து" என்பது அதே கூட்டிலேயே, அடிக்கணக்கு இல்லாமல், வேதம் வாசிக்கிற வேகத்தில் ஓடி முடிகிறது. பாகங்கள் அசையவே இல்லை, சொல் மட்டும் நகர்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் துருஃப்ளே 1947-இல் முடித்த ரெக்வியமில் (இறந்தோருக்கான ஆராதனை இசையில்) பழைய இலத்தீன் திருச்சபைப் பாட்டான கிரெகோரியப் பண்ணின் சொல்லோட்டத்தை அப்படியே விட்டு, ஹார்மனியை அதற்குக் கீழே வைத்துப் போகிறார். இங்கே உதவியது அந்த முறை.

"உம்மை" எப்படிச் சரியானது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 'உ' அரை அடி மட்டும். உடனே உதடுகள் மூடுகின்றன. 'ம்' மூன்றரை அடி. ஹார்மனி மலர்வது இந்த மூடிய உதடுகளுக்குள்தான். முதல் அடியில் 'ஸ'வும் 'ப'வும் மட்டும். இரண்டாம் அடியில் டெனர் க சேர்கிறது. மூன்றாம் அடியில் சோப்ரானோ ஸவிலிருந்து ரிக்கு ஏறுகிறது. பிறகு "மை" அரை அடியில் முடிந்து "நோ" என்ற நெடிலில் அதே கூட்டு வாய் திறந்து கேட்கிறது. ம் இரட்டித்து வருவதால் அதை எவ்வளவு நீட்டினாலும் "உம்மை" என்றுதான் கேட்கும். முன்பு வெறும் அலங்காரமாக இருந்த ஹம்மிங் இப்போது சொல்லின் உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. இந்த வேலை முழுவதிலும் நமக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மெல்லினத்தில் ம், ன், ண், ங் நான்கும் கார்வை தாங்கும். ம்-இல் ஒலி வட்டமாக, மெதுவாக இருக்கும். ன்-இல் வாய் சற்றுத் திறந்திருப்பதால் கொஞ்சம் பிரகாசமாக இருக்கும். ல், ள், ழ் தாங்கும், ஆனால் 22 பேரின் நாக்கும் ஒரே இடத்தில் இல்லாவிட்டால் ஒலி கலங்கும். ர்-ஐ நீட்டக் கூடாது, உருண்டுவிடும். வல்லின ஒற்று வேறு கதை. "நோக்", "கூப்" இரண்டிலும் ஒலி அறுபடுகிறது. ஆளுக்கு ஒரு நேரத்தில் அறுத்தால் கூழாங்கல் கொட்டியது போல இருக்கும். ஆகவே 'ப்' எந்த அடியில் விழ வேண்டும் என்பதைப் பிரதியில் எழுதிவிட்டு, அதன்மேல் ஓர் அரை அடி மௌனக் குறி போடப்பட்டது. கூ என்று மூன்று அடி, நான்காம் அடியின் தொடக்கத்தில் ப், அரை அடி மௌனம், பிறகு "பிடுகி" வேகமாக, "றேன்" நின்று. அந்தச் சின்ன மௌனத்தில்தான் கோயிலின் எதிரொலி கேட்கிறது.

முடிவு எட்டு அடி நிற்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. "காத்திருக்கிறது" அதற்கு இடம் தராது. ஐந்தாம் வசனத்தில் "காத்திருக்கிறேன்" என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது: றே நெடில், ன் மெல்லினம். ஆறாம் வசனத்தை அதன் வேகத்திலேயே பாடி முடித்து, ஐந்தாம் வசனத்தின் "கர்த்தருக்குக் காத்திருக்கிறேன்" என்ற தொடரை மறுபடியும் எடுத்து முடிக்கலாமா என்று ஆயரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே அப்படி எழுதப்பட்டது. வேத வசனத்தின் வரிசையில் கை வைக்கும்போது இந்தச் சம்மதம் கட்டாயம்.

ஒரே ஒரு சுரத்தில் விடியல்

முதல் பிரதி தொடக்கம் முதல் முடிவு வரை டோரியனிலேயே இருந்தது. அதனால் "விடியும்" என்ற சொல்லுக்கு வைத்துக்கொள்ள நிறம் எதுவும் மிச்சமில்லை. திருத்திய பிரதியில் சுருதி ஜிக்கு இறங்கியது. 1, 2, 5 வசனங்கள் ஏயோலியனில், அதாவது நடபைரவியின் சுரங்களில். ஆறாம் வசனம் மட்டும் டோரியனில். இரண்டுக்கும் இடையே மாறுவது ஒரே சுரம்: த1 போய் த2. ஸ ஜி என்றால் இ ஃப்ளாட் போய் இ. அரைச் சுர வித்தியாசம்தான், ஆனால் ஐந்து நிமிடம் த1-இன் கனத்தில் உட்கார்ந்திருந்த காதுக்கு அது ஜன்னல் திறந்தது போல.

ஆழத்தின் பகுதியில் த1 எப்படி வேலை செய்கிறது என்றால், மேல் பேஸ் பாடும் இருவர் மட்டும் ப–த1–ப என்று அசைகிறார்கள், மற்ற எல்லோரும் நிற்கிறார்கள். ஸ க ப என்றிருந்த கூட்டு த க ப ஸ ஆகித் திரும்புகிறது. ஒரு நெஞ்சு ஏறி இறங்குவது போல இருக்கும். அதை நான்கு தடவைக்கு மேல் செய்யக் கூடாது. ஐந்தாம் தடவை அது பழக்கமாகி உணர்ச்சி போய்விடுகிறது.

"விடியும்" மூன்றும் குறில், கடைசியில் ம். ஆகவே "விடியு" என்பதை இயல்பான வேகத்தில் சொல்லி, த2-ஐ அந்த 'ம்'மில் வைத்தோம். கீழ் ஆல்டோ மட்டும், வாய் மூடியபடி, த1-இல் இருந்தவர்களே த2-க்கு ஏறுகிறார்கள். இது முக்கியம். முதல் முயற்சியில் த1 ஆல்டோவிடமும் அடுத்த த2 டெனரிடமும் இருந்தது. அடுத்தடுத்த கூட்டுகளில் இ ஃப்ளாட்டும் இயும் வெவ்வேறு பாகங்களில் வந்தால் இரு பாகமும் ஒன்றையொன்று சந்தேகித்து நடுவில் எங்கோ போய் நிற்கும். ஒரே குரல் ஏறினால் அந்தச் சந்தேகம் இல்லை. ஏறுவதற்கு முன் மூன்று அடி வெறும் ஸ–ப மட்டும் ஒலிக்கவும் செய்தோம், காது கழுவிக்கொள்ள.

உரத்த உச்சம் அங்கே வரவில்லை. "என் ஆத்துமா" என்ற இடத்தில், 'ஆ' நெடிலில், சோப்ரானோ அதே த2-ஐ ஒரு ஸ்தாயி மேலே, ட்ரெபிள் கிளெஃபின் மேல் இடைவெளியில் பிடிக்கிறார்கள். முதல் பிரதியைவிட ஒரு முழுச் சுரம் தாழ்வு. 'வி'க்குப் பதில் 'ஆ'. ஒன்பது பேரில் ஐந்து பேர் த, நான்கு பேர் அதற்கு அடுத்த கீழ்ச் சுரமான ப. கீழிருந்து மேலே ம, ஸ, ம, த, ஸ, ப, த. உள்ளே அரைச் சுர உரசல் எங்கும் இல்லாததால் எவ்வளவு உரக்கப் பாடினாலும் கூசாது. அடுத்து "ஆத்துமா ஆண்டவருக்கு" என்று இரண்டு ஆகாரம் முட்டிக்கொள்ளும் இடத்தில் கூட்டை மாற்றினால்தான் இரண்டாவது சொல் தனியாகக் கேட்கும்.

மோடல் இசை எழுதும்போது பாமாலைக் காது ஒரு தொல்லை தரும். நான்கு பாகப் பாடல்களில் மைனர் சுருதி முடியும்போது நி-ஐ அரைச் சுரம் உயர்த்தி ஸவில் இறங்குவது வழக்கம். எழுதியிருப்பது எஃப் என்றாலும் சோப்ரானோக்கள் தங்களை அறியாமல் எஃப் ஷார்ப்பை நோக்கி ஏறுகிறார்கள். அது வந்த மறு நொடியே மோடு கலைந்து சாதாரண மைனராகிவிடும். தடுக்க ஒரே வழி, நி–ஸ என்ற அடியை மேல் பாகத்தில் வைக்காமல் இருப்பது. இந்தப் பிரதியின் முடிவில் பேஸ் ஸ–பவில் நிலையாக நிற்க, மேலே நி ரி ம சேர்ந்த மூன்று சுரக் கூட்டு ஒலித்து, நி ஆல்டோவுக்குள் மறைந்து கீழே இறங்கிவிடுகிறது.

சுரமாகப் படிப்பிக்க எந்த முறை என்பதும் இங்கே தீர்ந்தது. டானிக் சோல்ஃபாவில் ஏயோலியனுக்கு ஆதாரம் லா, டோரியனுக்கு ஆதாரம் ரே. ஆதாரம் மாறாமல் மோடு மட்டும் மாறும் இடத்தில் பெயர்களெல்லாம் மாறிக் குழப்பும். லாவிலேயே இருந்து ஆறாம் சுரத்தை "பா" என்று உயர்த்தலாம். ஆனால் அந்த "பா" வந்தால் அடுத்து "சே" வரும் என்று பழகிய நாக்கு உயர்ந்த நி-க்கு ஓடிவிடுகிறது. ஸரிகமவில் ஸ அசையாது, த மட்டும் மாறும். எனவே ஸ்டாஃப் நொட்டேஷனுக்குக் கீழே தமிழ்ச் சுர எழுத்துகளை எழுதிக் கொடுத்ததும் பெரியவர்களும் சிறியவர்களும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கூட்டை அடுக்கும் விதம்

பாடலின் அடித்தளக் கூட்டு இது. கீழ் பேஸ் இருவர் மந்தர ஸ (பேஸ் கிளெஃபின் கீழ்க் கோட்டு ஜி), மேல் பேஸ் இருவர் அதற்கு மேல் ப, டெனர் மூவர் க, கீழ் ஆல்டோ ப, மேல் ஆல்டோ நி, சோப்ரானோ ஒன்பது பேரும் ரி.

நடபைரவியிலும் கரகரப்பிரியாவிலும் ரி2-க்கும் க2-க்கும் இடையே அரைச் சுரம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உரசும். ரி கீழேயும் க ஒரு ஸ்தாயி தள்ளி மேலேயும் வந்தால் இன்னும் மோசம், பல் கூசும். க கீழே, ரி மேலே என்று வைத்தால் இடைவெளி பெரிய ஏழு (ஒரு ஸ்தாயிக்கு அரைச் சுரம் குறைவு) ஆகிறது; அதே இரண்டு சுரம் இப்போது இதமாக ஒலிக்கிறது. டோரியனில் த2–நி2 ஜோடிக்கும் இதே கணக்கு. முதல் பிரதியில் இரண்டு இடங்களில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. கீபோர்டின் மெல்லிய ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் அது தெரியவில்லை. மனிதக் குரலில் உடனே தெரிந்தது.

டெனர் மூவர்தான். அவர்கள் கையில் இருக்கும் 'க'தான் இது எந்த மோடு என்று சொல்லும் சுரம். அவர்களில் ஒருவர் வராத நாளில் கூட்டின் நடுவே ஓட்டை விழுந்தது. கீழ் ஆல்டோவில் தாழ்ந்த குரலுள்ள ஒருவரை அந்த கவுக்கு மாற்றியதும் அடைபட்டது. மூன்று டெனரை ஒருபோதும் இரண்டாகப் பிரிக்க வேண்டாம். ஒன்றரைக் குரல் என்று ஒன்று கிடையாது.

இரண்டாம் வசனத்தில் அடர்த்தியை முற்றிலும் கழற்றியாயிற்று. "ஆண்டவரே, என் சத்தத்தைக் கேளும்" என்பதைச் சோப்ரானோ அடுத்தடுத்த சுரங்களில் நடந்து பாட, டெனர் ஒவ்வோர் அசைக்கும் ஸ க ப மூன்றில் ஏதாவது ஒன்றையே எடுக்கிறார்கள். எஸ்தோனியாவின் ஆர்வோ பேர்ட் 1976 முதல் கையாளும் முறை இது. தொடர்ந்து கனமான கூட்டுகளையே கேட்டால் காது மரத்துப்போகும். இந்த எலும்பும் தோலுமான பக்கம் வந்தால்தான் அடுத்தது செழிப்பாகத் தோன்றும்.

ஐந்தாம் வசனத்தில் தனிக்குரல் ஒன்று கமகத்தோடு பாடுகிறது. அதன் கீழே ஸவும் பவும் தவிர வேறு சுரம் எழுதக் கூடாது என்பது அனுபவத்தில் தெரிந்தது. தனிக்குரல் 'க'வை அசைக்கும்போது டெனர் அசையாத 'க'வைப் பிடித்தால் ஒன்று மற்றதைப் பொய்யாக்கும். தனிக்குரல் முடிந்து மூச்சு விட்ட பிறகு டெனர் உள்ளே வரட்டும்.

ஒத்திகை

ஏழு ஒத்திகைகள், ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம். முதல் ஒத்திகையில் பாட்டே இல்லை. வசனத்தைச் சேர்ந்து வாசித்து, எங்கே நிற்பது, எங்கே ஓடுவது, 'ப்' எங்கே விழும் என்பது மட்டும். அவசரப்பட்டு இதைத் தாண்டியிருந்தால் "ஊமை" திரும்பி வந்திருக்கும்.

இரண்டாம் ஒத்திகையிலிருந்து சுருதிப் பெட்டி ஜியிலும் டியிலும் ஓடியது. கீபோர்டை மூடி வைத்ததற்குக் காரணம் உண்டு. ஸ–ப சுருதிக்கு எதிரே க2 தூய்மையாக ஒலிக்கும் இடம் கீபோர்டின் 'க'வைவிட ஏறத்தாழ 16 சென்ட் உயரம். த2 தூய்மையாக ஒலிக்கும் இடம் கீபோர்டைவிட ஏறத்தாழ 16 சென்ட் தாழ்வு. (நூறு சென்ட் சேர்ந்தது ஓர் அரைச் சுரம்.) கீபோர்டைப் பார்த்துப் பாடினால் கூட்டு சரியாக இருக்கும், ஆனால் ஒளி இருக்காது. சுருதிப் பெட்டியைக் கேட்டுப் பாடினால் குரல் தானே அந்த இடத்தில் போய் உட்காரும். முன்பு அரைச் சுரம் இறங்கியதற்கும் இதில் பங்கு இருந்தது: டெனர்கள் 'க'வைத் தாழ்வாகப் பிடிக்க, எல்லோரும் அவர்களோடு இறங்கினார்கள். க–ரி–ஸ என்று இறங்கும் இடங்களில் அடி பெரிதாக விழுந்ததும் இன்னொரு காரணம். கடைசி இரண்டு ஒத்திகைகளில் சுருதிப் பெட்டியை நிறுத்திப் பாடி, "உம்" வரும்போதெல்லாம் ஒரு நொடி போட்டுப் பார்த்தார்கள். ஆறாவது ஒத்திகையில் இறக்கம் காதுக்குத் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது.

அடித்தளக் கூட்டைக் கட்டும் வரிசை பழகிய முறைக்கு மாறானது. வழக்கமாக ஸ, க, ப என்று அடுக்குவார்கள். இங்கே முதலில் ஸ, அடுத்து ப, அதற்கடுத்து ரி. மூன்றும் பஞ்சம உறவில் இருப்பதால் காது உடனே சரிபார்க்கும். அது கண்ணாடி போல நின்ற பிறகு நி, ஆல்டோவின் ப, கடைசியாகத்தான் க. ரியை முன்பே கேட்டுவிட்ட டெனர்களுக்கு அதனோடு மோதுவோமோ என்ற பயம் போய்விடுகிறது. குரல் அளவு கீழே கனமாக, மேலே போகப் போக மெலிதாக. ஒன்பது சோப்ரானோவும் ரியை முழுக் குரலில் பாடினால் கூட்டே கவிழும். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற அளவு போதும்.

மூச்சு எடுப்பது நெடிலின் நடுவில், அடுத்தவர் எடுக்காத நேரத்தில். திரும்பச் சேரும்போது மெய்யெழுத்தை மறுபடி உச்சரிக்காமல், உயிரிலேயே மெதுவாக நுழைய வேண்டும். "றேன்" நடுவில் யாராவது ஒருவர் மறுபடி "றே" என்றால் அந்த ஒரு குரல் முழுக் கோயிலுக்கும் கேட்கும்.

சேலத்திலிருந்து வருபவர்களுக்கென்று தனி ஏற்பாடு தேவைப்பட்டது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் போனால் காது அடைக்கும். அடைத்த காதோடு பாடுபவருக்குத் தன் குரல் பெரிதாகவும் பக்கத்துக் குரல் சிறிதாகவும் கேட்கும்; சுருதி சேராது. வந்ததும் அரை மணி நேரம் சூடாக ஏதாவது குடித்து, கொட்டாவி விட்டு, காது திறந்த பிறகே ஒத்திகை. அதுவரை உள்ளூர்க்காரர்கள் வசனம் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

மலையிலும் கீழேயும்

விடியற்கால ஐந்து மணிக்குக் குரல் பகலைவிடத் தாழ்ந்திருக்கும். பேஸ்களுக்கு மந்தர ஸ தாராளமாக வந்தது. சோப்ரானோக்களுக்கு மேல் த2 கடினம். ஆகவே நாலரை மணிக்கே கூடி, முதல் கால் மணி நேரம் வாய் மூடி 'ஸ'விலிருந்து 'ப' வரை மட்டும் ஏறி இறங்கினார்கள். குளிர்ந்த காற்றை வாயால் இழுக்காமல் மூக்கால் எடுக்கச் சொன்னதும் உதவியது. ஆராதனையில் "விடியும்" என்ற 'ம்' நன்றாகவே நின்றது. "ஆத்துமா" உச்சத்தில் மேல் சோப்ரானோ ஐந்து பேரில் இருவர் ஒரு நொடி தாமதமாக ஏறினார்கள். மின்விசிறி எதுவும் ஓடாத மலைக் கோயிலில் மிக மெல்லிய இடங்களும் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்ந்தன.

அதே பாடலை இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் வெயிலில், சேலத்தில் ஒரு பெரிய கோயிலில் பாடினார்கள். உயரமான கான்கிரீட் கூரை, எதிரொலி தாராளம், ஆனால் தலைக்கு மேல் வரிசையாக மின்விசிறிகள். அந்த வெயிலில் அவற்றை நிறுத்தச் சொல்ல முடியாது. விசிறியின் இரைச்சலில் ஹம்மிங் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. "உம்" என்ற இடத்தில் சபையார் கேட்டது ஏதோ ஒரு மௌனம். வசனத்தை ஓட்டமாகச் சொன்ன இடங்களோ நீண்ட எதிரொலியில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து "களிலிருந்து" கலங்கியது.

அதனால் கீழே பாடுவதற்குத் தனியாகத் திருத்தினார்கள். "உம்" மூன்றரை அடியிலிருந்து இரண்டு அடியாகக் குறைந்து, ஹார்மனியின் மலர்ச்சி அடுத்து வரும் "நோ"வுக்கு நகர்ந்தது. "ழங்களிலிருந்து" வாசிப்பு வேகம் குறைந்து, அதைப் பெண்கள் மட்டும் பாட ஆண்கள் 'ஆ'விலேயே நிற்கிறார்கள். முடிவில் "றே" ஆறு அடி, ன் இரண்டு அடி. மலையில் அது றே மூன்று, ன் ஐந்து. கடைசிக் கூட்டு இரண்டிலும் ஒன்றுதான்: ஸ, ப, ரி மட்டும், க இல்லாமல். காத்திருப்பவரின் பாட்டு என்பதால் மேஜர் என்றோ மைனர் என்றோ முடிவு சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது. குழுவின் பெட்டியில் இப்போது இரண்டு கட்டுப் பிரதிகள் இருக்கின்றன, மேல் அட்டையில் ஒன்றுக்கு "மலை" என்றும் மற்றதற்கு "கீழே" என்றும் பென்சிலால் எழுதியபடி.